மோதிரம் எப்படிக் கழன்றது?

கேள்வி: எங்கள் கல்லூரி நாடகத்துக்கு 1935 இத்தாலியைக் களமாக எடுத்திருக்கிறேன். போருக்காகப் பெண்கள் கல்யாண மோதிரத்தைக் கொடுக்கும் காட்சிதான் உச்சம். கட்சித் தலைவர் மூன்று பக்கம் பேசுகிறார். ஒத்திகையில் யார் மனதிலும் ஒட்டவில்லை. வசனத்தை எப்படிச் சூடேற்றுவது?
- மாணவி, திருச்சி

பதில்: சூடேற்ற வேண்டாம், வெட்டுங்கள். அரைப் பக்கம் மிஞ்சினால் போதும். மோதிரத்தைக் கொடுக்காமல் வீடு திரும்பக் கூசும்படி அந்த நாளையே அமைத்திருந்தார்கள். பேச்சு அதற்கு ஒரு தாளம், அவ்வளவுதான்.

முதலில் தேதிகள். இத்தாலி எத்தியோப்பியாமீது படையெடுத்தது அக்டோபர் 3. அதற்காகச் சர்வதேச சங்கம் (ஐ.நா.வுக்கு முன்பிருந்த உலக நாடுகளின் அமைப்பு) விதித்த பொருளாதாரத் தடை நவம்பர் 18 அன்று அமலுக்கு வந்தது. மோதிர நாள் டிசம்பர் 18. உங்கள் தலைவர் ‘எத்தியோப்பியாவை வெல்வோம்’ என்று முழங்குகிறார், கோளாறு அங்கேதான். இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினியின் பிரசாரம் பிடித்துக்கொண்டது தடையை. 52 நாடுகள் சேர்ந்து நம்மை முற்றுகையிட்டுவிட்டன என்பதே அன்றாடப் பாட்டு. அடிக்கப் போனவன் அடிபட்டவனாகிவிட்டான். தங்கத்துக்குப் பதிலாகக் கொடுத்த எஃகு மோதிரத்தில் பொறித்த தேதியைப் பாருங்கள்: படையெடுத்த நாளும் இல்லை, மோதிரம் வாங்கிய நாளும் இல்லை. தடை வந்த நவம்பர் 18. பக்கத்தில், முசோலினி ஆட்சிக்கு வந்ததிலிருந்து எண்ணும் பாசிச ஆண்டுக் கணக்குப்படி 14, ரோமன் எண்ணில். மனக்குறையை விரலில் மாட்டிவிட்டார்கள்!

அடுத்தது வரிசை. ரோமில் பெயர் தெரியாத போர்வீரனின் கல்லறை முன்னால் முதலில் மோதிரம் கொடுத்தவர் அரசி எலெனா. பின்னாலேயே முதல் உலகப் போரில் மகனையோ கணவனையோ பறிகொடுத்தவர்கள். அவர்களுக்கு அடுத்து நிற்பவள் சில கிராம் தங்கத்துக்கு எப்படி முகம் சுளிப்பாள்? ‘உங்கள் மகனைத் தாருங்கள்’ என்ற வசனத்தை எடுத்துவிடுங்கள். பெரிதாகக் கேட்டால் மறுக்கத் தோன்றும். புறநானூற்றுத் தாயையும் துணைக்கு அழைக்க வேண்டாம். பறையொலி கேட்டு அவளே மகன் கையில் வேல் கொடுத்து அனுப்புகிறாள், அவளுக்கு யாரும் மேடை போடவில்லை.

எஃகு மோதிரம் பழைய தந்திரம். 1813இல் நெப்போலியனை எதிர்த்த ஜெர்மானிய அரசான பிரஷ்யாவிலும் தங்கம் வாங்கி இரும்பு கொடுத்தார்கள். பதிலுக்கு ஒன்று கிடைப்பதால், நம்மூர்க் கணக்கில் சொன்னால், அவள் தாலியை இழக்கவில்லை, மாற்றிக் கட்டிக்கொள்கிறாள். மறுநாள் சந்தையில் எந்த விரலில் எஃகு, எதில் இன்னும் தங்கம் என்று ஊருக்கே தெரியும். உங்கள் நாடகத்தில் இந்தச் சந்தைக் காட்சி இல்லவே இல்லை. தலைவரிடம் வெட்டிய இரண்டரைப் பக்கத்தை இதற்குக் கொடுங்கள்.

இத்தாலியில் ‘ஃபெதே’ என்றால் நம்பிக்கை. கல்யாண மோதிரத்துக்கும் அதே சொல். அந்த நாளின் பெயரே ‘ஃபெதே நாள்’, இந்தச் சிலேடைதான். தமிழில் இதற்கு ஈடு தேடி மல்லுக்கட்டாதீர்கள். ‘எங்க ஊர்ல ரெண்டுக்கும் ஒரே பேரு’ என்று ஒரு கிழவி சொல்லிவிட்டுப் போகட்டும்.

மேடையில் பித்தளைக் குண்டானை வெறுமையாக வையுங்கள், உள்ளே துணி விரிக்காமல். முதல் மோதிரம் கணீரென்று விழ வேண்டும். பிறகு மோதிரத்தின்மேல் மோதிரம் விழுந்து ஓசை மங்கும்.

வேறொரு மோதிரத்தை மலிவாக வாங்கிக் கொடுத்துவிட்டுத் தன்னுடையதை ஒளித்துவைத்தவர்களும் இருந்தார்கள். அப்படி ஒருத்தியை ஐந்தாவதாக நிறுத்துங்கள், வசனமே இல்லாமல். மற்றவர்கள் வருடக்கணக்கில் போட்டதைத் திருகித் திருகிக் கழற்றும்போது, அவளுடையது மட்டும் சட்டென்று வழுக்கிக்கொண்டு வரட்டும்.