உயர்ந்த வேலி, ஒட்டிய வீடு: சித்தூர் தாலுகா கேள்வி பதில்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கங்களில் இருபத்தெட்டு ஆண்டுகள் சங்கிலி இழுத்த நில அளவையன் நான். வேலி உயரம் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

எருத்தேன்பதி விவசாயி: ஐயா, பக்கத்துத் தோட்டத்துச் சீமைக்கொன்றை வேலி பதினைந்து அடி தாண்டிவிட்டது. என் வீட்டுக் கிழக்கு ஜன்னல் இருண்டுவிட்டது. நெல் காயவைக்கும் களத்திலும் வெயில் விழவில்லை. வழக்குப் போடலாமா?

ஜன்னல் வேறு, களம் வேறு. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு வீட்டுக்குள் வரும் வெளிச்சத்தையும் காற்றையும் காக்கிறது. 20 ஆண்டுகள் தடையில்லாமல் அனுபவித்திருக்க வேண்டும். தடை வந்த பிறகு இரண்டு ஆண்டுகளுக்குள் நீதிமன்றம் போக வேண்டும். வெளிச்சம் கொஞ்சம் மங்கியது என்பது போதாது, கணிசமான பாதிப்பைக் காட்ட வேண்டும். களத்துக்கு இந்த வழி இல்லை. திறந்த நிலத்துக்கு வரும் வெளிச்சத்தையும் காற்றையும் நெடுநாள் அனுபவத்தைக் காட்டி உரிமையாகக் கேட்க முடியாது என்று 17-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. எத்தனை தலைமுறையாக நெல் காயவைத்திருந்தாலும் பதில் இதுதான்.

ஆனால் உங்கள் வேலி சீமைக்கொன்றை என்பது நல்ல செய்தி. அதன் தழை வயலுக்கு உரம். "வெட்டுக்கூலி என்னுடையது, தழையையும் நானே எடுத்துக்கொள்கிறேன், இடுப்பளவுக்கு வெட்டலாமா?" என்று வைகாசியிலேயே போய்க் கேளுங்கள். இப்படிக் கேட்டு மறுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சீமைக்கொன்றை எப்படி வெட்டினாலும் துளிர்த்துவிடும், அவருக்கும் வேலி போகாது.

நல்லேப்பிள்ளி ஆசிரியை: பக்கத்து வீட்டு மாமரக் கிளைகள் எங்கள் ஓட்டின் மேல் சாய்கின்றன. அவர்களைக் கேட்காமல் வெட்டலாமா, ஐயா?

எல்லை தாண்டி உங்கள் பக்கம் வந்த பகுதியை, உங்கள் மண்ணில் நின்றபடியே வெட்டலாம் அம்மா. அவர்கள் தோட்டத்துக்குள் காலடி வைக்கக் கூடாது, எல்லைக்கு அப்பால் ஓர் அங்குலமும் வெட்டக் கூடாது. வெட்டிய விறகும் காயும் மரத்துக்காரருடையவை, அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சட்டம் முன்னறிவிப்பைக் கட்டாயப்படுத்தாவிட்டாலும் ஒரு கடிதம் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள். வேரில் உப்புப் போடுவது, ஆசிட் ஊற்றுவது போன்ற யோசனைகளை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மரத்தைச் சாகடித்தால் நஷ்டஈடு கொடுக்கப்போவது நீங்கள். மண்ணும் கெடும்.

வடகரப்பதி பால்காரர்: அண்ணா, மாட்டுக் கொட்டகையை ஒட்டி அரளி வேலி வைத்திருக்கிறார்கள்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள், தம்பி. அரளி இலை மாட்டுக்கு விஷம், காய்ந்த பிறகும் விஷம்தான். கொஞ்சம் தின்றாலே மாடு செத்துப்போகலாம். கால்நடை மருத்துவரையும் அழைத்துக்கொண்டு இன்றே போய்ப் பேசுங்கள். வெட்டிய கிளையைக் கொட்டகைப் பக்கம் ஒரு நாள்கூடக் கிடக்க விடாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை வாசகர்: இங்கிலாந்தில் இருக்கும் என் மகன், அங்கே இரண்டு மீட்டருக்கு மேல் வேலி வளர்த்தால் புகார் செய்யலாம் என்கிறான். இங்கே உண்டா?

அங்கே 2003-இல் ஒரு சட்டம் வந்தது. ஆண்டு முழுவதும் இலையோடு நிற்கும் வகையில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மரங்களோ புதர்களோ வரிசையாக இரண்டு மீட்டருக்கு மேல் வளர்ந்து அயலாரைப் பாதித்தால், உள்ளூர் மன்றத்தில் புகார் செய்யலாம். முதலில் பேசிப் பார்த்தீர்களா என்று மன்றம் கேட்கும். இங்கே உயிர்வேலிக்கு அப்படி ஓர் உயர வரம்பு இல்லை. பேசிப் பார்த்ததற்குச் சான்று வைத்துக்கொள்ளும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

வேலந்தாவளம் சகோதரர்கள்: பழைய கிளுவை வேலி எங்களுடையது என்கிறோம், பக்கத்துக்காரரும் அவருடையது என்கிறார்.

கிளுவை பருத்துவிட்டால் அளவுக்கல் அதற்குள் புதைந்துபோகும். பல எல்லைகளில் அடிமரத்தைச் சுரண்டிக் கல்லைத் தேடியிருக்கிறேன். 1961-ஆம் ஆண்டு கேரள சர்வே, எல்லைச் சட்டத்தின்படி அளந்து தரக் கோரித் தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் தமிழிலேயே எழுதலாம். மலையாளம் தெரியவில்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். கோட்டின் மேலேயே வேலி நின்றால் அது இருவருக்கும் பொது, ஒருவர் மட்டும் வெட்டிச் சாய்க்கக் கூடாது. அறுத்தெறிந்துவிட்டுக் கம்பி கட்டும் எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். ஆட்டுக்குத் தழை தரும் வேலி அது, கருங்கல் தூணும் கம்பியும் தராது.

கோவிந்தாபுரம்: வேலியோரப் பனை எங்கள் கூரைப்பக்கம் சாய்ந்து நிற்கிறது.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி வீசும் என்று உங்களுக்குத் தெரியும். பஞ்சாயத்து செயலாளருக்குப் புகைப்படத்தோடு மனுக் கொடுங்கள். பலன் இல்லையென்றால் ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்ட அலுவலர்) போங்கள். விழுந்து ஆளைக் காயப்படுத்தும் நிலையிலுள்ள மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ அவர் உத்தரவிடலாம். இந்த அதிகாரம் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு.

மீனாட்சிபுரம்: வேலியில் சந்தனக் கன்று முளைத்திருக்கிறது.

தொடாதீர்கள். வெட்ட நினைத்தால் முதலில் வனத்துறை அனுமதி.

பெருமாட்டி அம்மா: வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை, ஐயா. பேசியும் கேட்கவில்லை.

தாலுகா சட்டப் பணிகள் குழுவுக்கு ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுங்கள். வழக்குப் போடுவதற்கு முன்பே இருவரையும் அழைத்துப் பேசுவார்கள், கட்டணம் இல்லை. லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், தீர்வு எழுதப்பட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஆகவே கையெழுத்துப் போடும் முன் நான்கு செய்திகள் தாளில் இருக்கின்றனவா என்று வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்: வேலி எத்தனை அடி, எந்த மாதம் வெட்டுவது, கூலி யாருடையது, தழை யாருக்கு.