என் செடியில் இருப்பது என்ன பூச்சி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ‘என்ன மருந்து அடிக்கலாம்?’ என்றே முடிந்திருந்தன. இன்னதென்று தெரியாத பூச்சிக்கு மருந்து சொல்வது என் வழக்கமில்லை. ஆதலால் ஒவ்வொரு பதிலிலும் முதலில் பூச்சியை அடையாளம் காண்போம்.

கத்தரி இலைகள் சல்லடையாகிவிட்டன. இலைமேல் செம்பு நிறத்தில் கரும்புள்ளிகளோடு வண்டுகள் இருக்கின்றன. பொறிவண்டு நன்மை செய்யும் என்று படித்ததால் அவற்றை விட்டுவைத்திருக்கிறேன். செய்தது சரியா?

பொறிவண்டுகள் நன்மை செய்யும் என்று நீங்கள் படித்தது உண்மைதான். ஆனால் உங்கள் செடியில் இருப்பது அதே குடும்பத்தில் பிறந்தும் இலையையே தின்று வாழும் எபிலாக்னா வண்டு. செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினியைத் தின்னும் பொறிவண்டின் முதுகு மெருகு போட்டதுபோல் பளபளக்கும். எபிலாக்னாவின் முதுகிலோ நுண்ணிய மயிர்கள் மூடியிருப்பதால் அது மங்கலாகத் தெரியும். நம் கத்தரியில் அதிகம் காணப்படும் வகைக்கு முதுகில் 28 புள்ளிகள் உண்டு. புள்ளிகளை எண்ணும் பொறுமை இல்லாதவர்கள் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தாலே போதும். உடலெங்கும் கிளைத்த முட்களோடு மஞ்சள் நிறப் புழுக்கள், நரம்பை விட்டுப் பச்சையத்தை மட்டும் சுரண்டிக்கொண்டிருந்தால் அவை எபிலாக்னாவின் குஞ்சுகளே. நன்மை செய்யும் பொறிவண்டின் புழு கருத்து நீண்டு, ஆங்காங்கே ஆரஞ்சு அல்லது வெண்திட்டுகளோடு, குட்டி முதலைபோல் அசுவினிக் கூட்டத்துக்கு நடுவே திரியும்.

காலை வெயில் ஏறுவதற்குள் செடியைச் சற்று உலுக்கி, விழும் வண்டுகளைச் சோப்புக் கரைசலில் போடுங்கள். இலையடியில் மஞ்சளாகக் குவிந்திருக்கும் முட்டைகளையும் நசுக்கிவிடுங்கள். ஆனால் பழுப்பேறி, விறைத்து, இலையோடு ஒட்டிக்கொண்ட புழுக்கள் கண்ணில் பட்டால் அவற்றைத் தொடாதீர்கள். பீடியோபியஸ் என்னும் மிகச்சிறு குளவி உள்ளே முட்டையிட்டு வளர்ந்திருப்பதன் அடையாளம் அது. ஒரே புழுவிலிருந்து பல குளவிகள் வெளிவரும். அமெரிக்காவில் பீன்ஸ் செடிகளை அழித்த, எபிலாக்னாவின் உறவான வேறொரு வண்டை ஒடுக்க, 1960களில் இந்தியாவிலிருந்துதான் இந்தக் குளவியைக் கொண்டுபோனார்கள்.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி. அவற்றுக்கிடையே ஒன்று மட்டும் மூன்று மடங்கு பெரிதாக, வெள்ளை நூல்கள் தொங்க, வேகமாக ஊர்கிறது. மாவுப்பூச்சியின் தாயா?

தாயன்று, எமன். கிரிப்டோலேமஸ் என்னும் வண்டின் புழு அது. மாவுப்பூச்சியைப் போலவே உடலெங்கும் மெழுகுப் பூச்சு இருப்பதால் பலர் ஏமாந்து முதலில் அதையே கொன்றுவிடுகிறார்கள். மாவுப்பூச்சி அசைவதே அரிது; நீங்கள் கண்டதோ குச்சியால் தொட்டால் விறுவிறுவென நகரும். வளர்ந்த வண்டு சிறியது. கரிய உடலும் செம்பழுப்புத் தலையும் கொண்டது. 1898 இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த வண்டை இன்று வளர்த்து விற்கும் ஆய்வகங்களும் உள்ளன. உங்களுக்கு அது தானாகவே வந்து சேர்ந்திருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது எறும்பைத் தடுப்பது மட்டுமே. மாவுப்பூச்சி சுரக்கும் தேன்போன்ற திரவத்துக்காக எறும்புகள் அதற்குக் காவல் நின்று, தின்ன வரும் புழுக்களை விரட்டும். தொட்டியின் காலைச் சுற்றித் தண்ணீர்த் தட்டு வைத்தாலே நல்ல பலன் தெரியும். 2008 இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எதையும் விடாமல் பரவியபோது, மருந்துகளால் அடங்காத அதை 2010 இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த ஒட்டுண்ணிக் குளவிதான் அடக்கியது. அந்த நாட்களை நேரில் கண்டவர்கள், மாவுப்பூச்சிக்கென்று மருந்துப் புட்டியைத் திறக்கத் தயங்குவார்கள்.

மிளகாய் இலையடியில் தலைமயிர் போன்ற காம்புகளின் நுனியில் வெள்ளைப் புள்ளிகள். பூஞ்சாணமா?

பூஞ்சாணம் இல்லை. பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகள் அவை. பிறக்கும் குஞ்சுகள் அசுவினியை உறிஞ்சித் தின்னும். பசித்தால் உடன்பிறந்த முட்டையையும் விடாது. ஒவ்வொரு முட்டையும் தனிக் காம்பின் உயரத்தில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். தொடாமல் விடுங்கள்.

அவரைக் காயில் கறுப்பு எறும்புகள் மொய்க்கின்றன. காய் சூம்பிப்போகிறது. எறும்பு காயைக் கடிக்குமா?

காய் சூம்புகிறது என்ற வரியைப் படித்ததுமே எனக்கு ஐயம் எழுந்தது. நீங்கள் அனுப்பிய படமும் அதை உறுதிப்படுத்துகிறது. எறும்பின் உணர்கொம்பு முழங்கைபோல் மடிந்திருக்கும். படத்தில் இருப்பவற்றுக்கு அவ்வாறு இல்லை. அதோடு, தலைக்கடியில் ஊசிபோன்ற உறிஞ்சுகுழல் மடங்கிக் கிடப்பது தெரிகிறது. இவை காய் உறிஞ்சும் நாவாய்ப்பூச்சியின் இளம் பருவம். எறும்பைத் தின்ன விரும்பாத பகைவர்களை ஏமாற்றவே இந்த வேடம். வளர்ந்ததும் வேடம் கலைந்து, நீண்ட பழுப்பு உடலும் தடித்த பின்னங்கால்களுமாகப் பறக்கத் தொடங்கும். பிறகு பிடிப்பது கடினம். எனவே விடியற்காலையில், அவை மந்தமாக இருக்கும்போதே காயோடு சேர்த்துச் சோப்புத் தண்ணீரில் தட்டிவிடுங்கள். எட்டுக் கால்கள் இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்: எறும்பு வேடம் போடும் சிலந்திகளும் உண்டு, அவை முன்னங்கால்களை உணர்கொம்புபோல் தூக்கிக்கொண்டு நடக்கும்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் என்று நினைத்துத் துடைத்தேன், அது நகர்ந்தது!

எலுமிச்சை அழகி அல்லது அதன் உறவான வண்ணத்துப்பூச்சி ஒன்றின் இளம்புழு. வளர்ந்ததும் பச்சையாக மாறும். சீண்டினால் தலைக்குப் பின்னிருந்து கவட்டை போன்ற உறுப்பை நீட்டி நாற்றம் வீசும். சிறு தொட்டிச் செடியை அது மொட்டையடித்துவிடும் என்பதால் கையால் எடுத்து, பெரிய எலுமிச்சை மரம் இருந்தால் அதில் விடலாம். பெரிய கறிவேப்பிலை மரமானால் நான் எதுவும் செய்யமாட்டேன்.

செடியில் சிறிய கறுப்புப் பூச்சிகள். என்ன செய்வது?

இந்த ஒரு வரியைக் கொண்டு அசுவினி, இலைப்பேன், தெள்ளு வண்டு ஆகிய மூன்றில் எதையும் விலக்க முடியவில்லை. எந்தச் செடி, இலையின் எந்தப் புறம், தொட்டால் துள்ளுகிறதா, இலையில் ஓட்டையா சுருட்டலா பிசுபிசுப்பா என்று எழுதுங்கள். படம் எடுப்பதானால் பூச்சியை மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, சேதமடைந்த இலை தனியாக ஒன்று என மூன்றாக எடுத்து, அளவு தெரிய அருகில் ஒரு அரிசி மணியை வைத்து அனுப்புங்கள்.