ஜன்னல் திறந்திருந்தும் கோழிக்கூண்டில் ஏன் நெடி?

கூண்டில் நெடி போகவில்லை, ஜன்னலைப் பெரிதாக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கூரையை ஒட்டினாற்போல, எதிரெதிர்ச் சுவர்களில் நீளவாக்கில் திறப்பு வையுங்கள். கோழிக்கு ஒரு சதுர அடி திறப்பு என்பது பொதுவான கணக்கு. உங்கள் ஆறு கோழிக்கு மொத்தம் ஆறு சதுர அடியாவது வரட்டும்.

இரவெல்லாம் ஜன்னல் திறந்திருந்தும் காலையில் கண் எரிகிறது, கூரைத் தகரத்தின் அடியில் நீர் துளிர்த்து நிற்கிறது என்கிறீர்கள். அந்தத் துளிதான் காட்டிக்கொடுக்கிறது. கோழிகள் விடும் மூச்சும் எச்சத்தின் ஈரமும் சூடான காற்றோடு மேலே போகின்றன. அங்கே வழி இல்லை. குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகி, திரும்பவும் கீழே வைக்கோலில் சொட்டுகிறது. நனைந்த எச்சத்திலிருந்துதான் கண்ணை எரிக்கும் அம்மோனியா வாயு கிளம்பும். ஜன்னல் கோழி உட்காரும் கம்புக்கு நேராக இருப்பதால் ஈரமும் போகவில்லை, கோழிமேல் காற்றும் அடிக்கிறது. இரவில் அதைச் சாத்திவிடலாம்.

திறப்பு வெட்டியதும் ஒரு சோதனை. மெல்லிய காகிதத் துண்டை நூலில் கட்டி, கம்பருகே கோழித் தலை உயரத்தில் தொங்கவிடுங்கள். காற்றுள்ள இரவில் அது படபடத்தால் திறப்பு தாழ்வாக இருக்கிறது. கூரையருகே பிடித்தால் மட்டும் அசைந்தால் சரி. அப்புறம், விடிந்ததும் உள்ளே குந்தி உட்கார்ந்து மோந்து பாருங்கள்; நின்றபடி மோந்தால் தெரியாது.

திறப்புக்கு அரை அங்குலக் கண் உள்ள கெட்டிக் கம்பிவலை அடியுங்கள். சாதாரணக் கோழிவலையை நாய் பிய்த்துவிடும், நான் பட்டிருக்கிறேன்.

ஆனால் தண்ணீர்ப் பாத்திரம் உள்ளே ஒழுகிக்கொண்டிருந்தால் எத்தனை திறப்பு வைத்தாலும் நெடி போகாது. முதலில் அதன் அடியில் கை வைத்துப் பாருங்கள்.