தொற்று வேலையிடத்தில்தான் வந்தது என்று எப்படி நிறுவுவது?

கொரோனா காலத்தில் வேலைக்குப் போய் நோய்ப்பட்டவர்களும், இறந்தவர்களின் குடும்பத்தாரும் இன்னமும் கேள்விகள் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். சிலவற்றுக்கு இங்கே பதில். முதலில் ஒரு விளக்கம். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டதே, பழைய சட்டம் இனி செல்லுமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இழப்பீட்டு உரிமை சம்பவம் நடந்த நாளிலேயே பிறந்துவிடுகிறது என்று உச்ச நீதிமன்றம் 1976-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே 2020, 2021-இல் நடந்தவற்றுக்கு 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டமும் 1948-ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீட்டு) சட்டமும்தான் பொருந்தும்.

கேள்வி: என் கணவர் தனியார் மருத்துவமனையில் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். மாதச் சம்பளம் 22,500 ரூபாய், ஈ.எஸ்.ஐ. கிடையாது. 2021 மே மாதம் கொரோனாவில் இறந்தபோது அவருக்கு வயது 40. “ஊரெல்லாம் பரவிய நோய், எங்கே தொற்றியது என்று யாருக்குத் தெரியும்?” என்கிறது நிர்வாகம். – மதுரை வாசகி

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு உங்களுடையது அல்ல, நிர்வாகத்தினுடையது. இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணை, ‘அ’ பகுதியில் முதலாவதாக இருப்பதே தொற்றுநோய்கள்தான். மருத்துவம், ஆய்வகம் சார்ந்த வேலைகளையும், தொற்றும் ஆபத்து குறிப்பாக உள்ள பிற வேலைகளையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இத்தகைய வேலையில் இருப்பவருக்கு அந்த நோய் வந்தால், வேலையால் வந்த விபத்து என்றே சட்டம் கொள்ளும். இல்லை என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். ‘அ’ பகுதி நோய்களுக்கு இத்தனை மாதம் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. ‘ஆ’ பகுதிக்குத்தான் ஆறு மாதத் தொடர் பணி தேவை.

ஆனாலும் அவர் அந்த நாட்களில் நோயாளிகளை ஏற்றிச் சென்றார் என்பதை நீங்கள் காட்டியாக வேண்டும். பரிசோதனை முடிவு வந்த நாளிலிருந்து பின்னோக்கி 14 நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களுக்கான டிரிப் ஷீட், வண்டியின் லாக் புத்தகம், வருகைப் பதிவேடு, “எந்த வார்டுக்கு வர வேண்டும்” என்று வந்த வாட்ஸப் செய்திகள், செல்பேசி அழைப்புப் பட்டியல் எல்லாவற்றையும் திரட்டுங்கள். செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுப்பது மட்டும் போதாது, செல்பேசியையே பத்திரப்படுத்துங்கள். நிர்வாகம் ஆவணம் தர மறுத்தால், அவற்றைக் கொண்டுவரச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் இழப்பீட்டு ஆணையருக்கு உண்டு.

இறப்புச் சான்றிதழில் ‘மாரடைப்பு’ அல்லது ‘நிமோனியா’ என்று மட்டும் இருப்பதுதான் அடிக்கடி வரும் சிக்கல். மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2021 செப்டம்பர் 3 வழிகாட்டுதலின்படி, தொற்று உறுதியான 30 நாட்களுக்குள் நேர்ந்த இறப்பு, வீட்டில் நேர்ந்திருந்தாலும், கொரோனா இறப்பே. விபத்து, தற்கொலை, கொலை, நஞ்சு போன்றவை விலக்கு. சான்றிதழில் குறை இருந்தவர்களுக்காக மாவட்ட அளவில் குழுக்கள் அமைக்கப்பட்டன. அந்தக் குழுவின் ஆணையோ, அரசு தந்த 50,000 ரூபாய் உதவித்தொகையின் ஆணையோ கையில் இருந்தால் அதுவே நல்ல சான்று. அந்த உதவித்தொகையை வாங்கியதால் இழப்பீட்டு உரிமை போய்விடாது.

தொகை எவ்வளவு? எவ்வளவு சம்பளம் வாங்கியிருந்தாலும் 2020 ஜனவரி 3 முதல் கணக்கில் சேர்வது அதிகபட்சம் 15,000 ரூபாய். இறப்புக்கு அதில் பாதி, 7,500. நாற்பது வயதுக்கான காரணி 184.17. பெருக்கினால் 13,81,275 ரூபாய். சிகிச்சைக்குச் செலவான பணத்தையும் தனியே கேட்கலாம், பில்கள் வேண்டும். உரிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி. தகுந்த காரணமில்லாமல் தாமதித்திருந்தால் தொகையில் 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம்.

காலக்கெடு இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களை எந்தக் காலக்கெடுவிலும் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதால், உங்களுக்கு அது 2024 பிப்ரவரி இறுதி வரை நீண்டது. அதுவும் தாண்டிவிட்டது என்று கைவிட வேண்டாம். போதிய காரணம் இருந்தால் தாமதத்தை மன்னித்து மனுவை ஏற்க ஆணையருக்கு அதிகாரம் உண்டு. நிர்வாகம் “பார்க்கிறோம், தருகிறோம்” என்று இழுத்தடித்த கடிதங்கள், செய்திகள் இருந்தால் தேதிவாரியாக இணையுங்கள். மனுவை, தொழிலாளர் துணை ஆணையர் அல்லது இணை ஆணையர் அலுவலகத்தில், நீங்கள் குடியிருக்கும் எல்லையிலேயே தாக்கல் செய்யலாம். வக்கீல் வைக்க இயலாவிட்டால் பதிவு பெற்ற தொழிற்சங்க நிர்வாகி உங்களுக்காக வாதாடச் சட்டம் இடம் தருகிறது.

கேள்வி: பனியன் கம்பெனியில் டெய்லரான என் கணவர் 2021 ஜூனில் இறந்தார். ஒரே லைனில் 14 பேருக்கு நோய் வந்தும் கம்பெனியை மூடவில்லை. ஈ.எஸ்.ஐ. உண்டு. கம்பெனி மீது தனியாக நஷ்டஈட்டு வழக்குப் போடலாமா? – திருப்பூர் வாசகி

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்த வழி அடைபட்டிருக்கிறது. ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் உள்ள தொழிலாளிக்கு வேலையால் நேர்ந்த பாதிப்புக்காக வேறு எந்தச் சட்டத்தின் கீழும் முதலாளியிடம் இழப்பீடு பெற முடியாது என்கிறது ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 53-ஆவது பிரிவு. கவனக்குறைவுக்கான சிவில் வழக்கும் இதில் அடங்கும் என்று வெஸ்டர்ன் இந்தியா பிளைவுட் வழக்கில் 1997-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்கீல் நோட்டீசுக்குச் செலவழிப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்களுக்குத் திறந்திருந்தது ஈ.எஸ்.ஐ. கழகத்தின் கோவிட்-19 நிவாரணத் திட்டம். 2020 மார்ச் 24 முதல் அமலுக்கு வந்த அதில், நோய் எங்கே தொற்றியது என்று நிரூபிக்கவே தேவையில்லை. நோய் உறுதியாவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே இணையதளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அந்த நாளில் வேலையில் இருந்திருக்க வேண்டும். முந்தைய ஓராண்டில் 70 நாள் சந்தா இருக்க வேண்டும் என்றிருந்ததைப் பின்னர் 35 ஆகக் குறைத்தார்கள். சராசரிக் கூலியில் 90 சதவீதம் குடும்பத்துக்கு மாதந்தோறும் வரும். மாதக் கூலி 12,000 என்றால் 10,800. மனைவிக்கு ஐந்தில் மூன்று, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்தில் இரண்டு என்பது பங்கு விகிதம். இரண்டு பிள்ளைகள் இருந்தால் கூட்டல் முழுமையைத் தாண்டுவதால் 3:2:2 என்று பிரியும். உங்களுக்குச் சுமார் 4,629, பிள்ளைகளுக்குத் தலா 3,086.

சந்தா கட்டப்பட்டதா என்பதை விட, கட்டப்பட்டிருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. கம்பெனி பிடித்தம் செய்துவிட்டுக் கட்டாமல் விட்டிருந்தால் அதற்காக உங்களைத் தள்ள முடியாது. சம்பளச் சீட்டைக் காட்டி வாதாடுங்கள். ஆதாரிலும் ஈ.எஸ்.ஐ. பதிவிலும் பெயர் எழுத்து மாறியிருப்பதாலும், குடும்ப விவரம் ஏற்றப்படாததாலும் பல மனுக்கள் நின்றுவிட்டன. திட்டம் இருந்த காலத்திலேயே மனுப் போட்டு அப்படி நின்றிருந்தால் ரசீதுடன் கிளை அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். வாய்வழிப் பதிலோடு திரும்பி வராதீர்கள்.

பி.எஃப். உள்ளவர்களுக்கு இன்னொன்றும் உண்டு, பலர் கேட்காமலே விட்டது. பணியில் இருக்கும்போது இறந்தால், காரணம் எதுவானாலும், வைப்புநிதி சார்ந்த காப்பீட்டில் 7 லட்சம் வரை கிடைக்கும். இறப்புக்கு முன் 12 மாதம் தொடர்ந்து பணியில் இருந்தவர்களுக்குக் குறைந்தது 2.5 லட்சம். படிவம் 5 ஐ.எஃப். 53-ஆவது பிரிவு இதைத் தடுக்காது.

கேள்வி: “நோய் வந்தால் கம்பெனி பொறுப்பல்ல” என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். என் அண்ணன் இறந்ததும் அண்ணியிடம் இரண்டு லட்சம் கொடுத்து “கணக்கு முடிந்தது” என்று இன்னொரு கையெழுத்து. இனி எதுவும் செய்ய முடியாதா? – ஓசூர் வாசகர்

இரண்டு கையெழுத்தும் உங்களைக் கட்டாது. உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது இழப்பீட்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு. இறப்பு இழப்பீட்டை ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும், குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்தது இழப்பீடாகக் கணக்கில் வராது என்கிறது 8-ஆவது பிரிவு. மூன்று மாதச் சம்பளத்துக்கு மிகாத முன்பணத்தை மட்டும் கழித்துக்கொள்ள வழியுண்டு. அண்ணனுக்கு ஈ.எஸ்.ஐ. இல்லை என்றால் அண்ணி இன்றே மனுப் போடலாம், தாமதத்துக்கான காரணத்தோடு.

கேள்வி: நான் வெல்டர், வயது 35. தொற்றுக்குப் பின் நுரையீரலில் தழும்பு, மூச்சு வாங்குகிறது. ஆலை வேலைக்கும் அந்த ‘அ’ பகுதி பொருந்துமா? – ராணிப்பேட்டை வாசகர்

தானாகப் பொருந்தாது. உங்கள் வேலையில் ‘குறிப்பான ஆபத்து’ இருந்தது என்றோ, தொற்றியதே ஒரு விபத்து என்றோ நீங்கள்தான் நிறுவ வேண்டும். இரண்டாவது வாதம் புதிதல்ல. கம்பளி பிரிக்கும் தொழிலாளியின் கண்ணில் ஆந்த்ராக்ஸ் கிருமி பட்டதை விபத்து என்றே 1905-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஏற்றது, பிரிண்டன்ஸ் வழக்கில். நம் சட்டத்தின் வாசகமும் இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து வந்ததுதான்.

எது வலுவான சான்று என்பதற்குக் கலிஃபோர்னியாவைப் பாருங்கள். அங்கே 2020-இல் இயற்றிய சட்டப்படி, 100 பேர் வரை உள்ள வேலையிடத்தில் 14 நாட்களுக்குள் 4 பேருக்குத் தொற்று வந்தால், அதற்கு மேல் ஆளிருந்தால் 4 சதவீதம் பேருக்கு வந்தால், வேலையிடத்தில் வந்ததாகவே அனுமானித்தார்கள். அந்தச் சட்டம் 2023 முடிவோடு காலாவதியாகிவிட்டது. இங்கே அப்படிச் சட்டம் இல்லை. என்றாலும் ஆணையர் முன் பேசப்போவது அதே கணக்குத்தான். உங்களுடன் நின்றவர்களில் யாருக்கு, எந்தத் தேதியில் தொற்று, எந்த ஷிஃப்ட், ஒரே பேருந்தா, ஒரே உணவு மேசையா என்று ஒரே தாளில் பட்டியலிடுங்கள். வீட்டில் முதலில் நோய் வந்தது யாருக்கு என்பதை எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்கும். அதற்கும் பரிசோதனைத் தேதிகளை வைத்திருங்கள்.

உழைக்கும் திறன் எத்தனை சதவீதம் குறைந்தது என்று மருத்துவர் எழுத வேண்டும். மூச்சுத்திறன் பரிசோதனையும் சி.டி. ஸ்கேனும் இல்லாத சான்றிதழ் விசாரணையில் நிற்பதில்லை. 30 சதவீதம் என்றால் 15,000-இல் 60 சதவீதமான 9,000 × 197.06 (35 வயதுக்கான காரணி) × 30 சதவீதம் = 5,32,062 ரூபாய். ஈ.எஸ்.ஐ. இருந்தால் இந்தக் கணக்கு இல்லை, அங்கே மருத்துவ வாரியம் முடிவு செய்யும்.

கேள்வி: மகன் வேலையிலிருந்து கொண்டுவந்த தொற்றில் தாய் இறந்தால் கம்பெனியிடம் கேட்கலாமா? – சேலம் வாசகர்

இழப்பீட்டுச் சட்டம் பணியாளருக்கு மட்டுமே. சிவில் வழக்கு போடலாம், வெல்வது மிகக் கடினம். கலிஃபோர்னியாவில், தொற்றியிருக்க வாய்ப்புள்ளவர்களை வேறு வேலையிடத்துக்கு மாற்றியதாகச் சொல்லி விக்டரி வுட்வொர்க்ஸ் நிறுவனத்தின் மீது, பணியாளரின் மனைவி வழக்குத் தொடுத்தார். வழக்குப் போட இழப்பீட்டுச் சட்டம் தடையில்லை, ஆனால் வீட்டாருக்குப் பரவாமல் காக்கும் கடமை முதலாளிக்கு இல்லை என்று 2023 ஜூலை 6 அன்று அம்மாநில உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தக் கடமையை ஏற்றால் பொறுப்புக்கு எல்லையே இருக்காது என்பது அதன் கவலை. இறந்தவரின் குடும்பத்துக்கு இது ஆறுதல் தராது என்பது எங்களுக்குத் தெரியும்.

கேள்வி: 18 பேர் வேலை செய்யும் ஃபவுண்டரி நடத்துகிறேன். ஆறு பேர் காண்ட்ராக்டரின் ஆட்கள். மீண்டும் தொற்று வந்தால் நான் எப்படித் தயாராக இருக்க வேண்டும்? – கோவை வாசகர்

காண்ட்ராக்டரின் ஆட்களுக்கும் முதல் பொறுப்பு உங்களுடையது. கொடுத்துவிட்டுக் காண்ட்ராக்டரிடம் வசூலிக்கலாம். பத்துப் பேருக்கு மேல் இருப்பதால் ஈ.எஸ்.ஐ. பதிவு கட்டாயம். 21,000-க்கு மேல் சம்பளம் வாங்குபவர்கள் அதற்குள் வராததால் அவர்களுக்குப் பணியாளர் இழப்பீட்டு பாலிசி எடுங்கள். தொழில்சார் நோய்களும் மருத்துவச் செலவும் அதில் சேர்ந்திருக்கின்றனவா என்று பாலிசித் தாளிலேயே பாருங்கள், ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். பிரீமியத்தைக் குறைக்கச் சம்பளத்தையோ ஆள் எண்ணிக்கையையோ குறைத்துக் காட்டியவர்கள் பின்னர் தங்கள் கையிலிருந்து கட்ட நேர்கிறது. தாமதத்துக்கான அபராதம் எந்த நிலையிலும் உங்கள் தலையில்தான். உச்ச நீதிமன்றம் 1997-இல் வட்டியைக் காப்பீட்டு நிறுவனத்தின் மீதும் அபராதத்தை முதலாளி மீதும் சுமத்தியது.

ஜெயிலுக்குப் போக வேண்டுமோ என்ற பயம் 2020 ஏப்ரலில் பல முதலாளிகளுக்கு இருந்தது. ஏப்ரல் 15 உத்தரவில் ஷிஃப்டுகளுக்கு நடுவே ஒரு மணி நேர இடைவெளி, வண்டியில் 30–40 சதவீதம் ஆட்கள் மட்டும் என்றெல்லாம் விதித்திருந்தார்கள். முதலாளியின் சம்மதம், அறிவு அல்லது கவனக்குறைவு இல்லாமல் வழக்கு வராது என்று உள்துறைச் செயலர் ஏப்ரல் 23 அன்று விளக்கினார். ஆகவே கவனமாக இருந்ததைக் காட்டும் பதிவேடு முக்கியம்: தினசரி வெப்பநிலைப் பதிவு, முகக்கவசம் வாங்கிய பில்லும் பெற்றவர்களின் கையெழுத்தும், யாரை எந்த நாள் வீட்டுக்கு அனுப்பினீர்கள் என்ற குறிப்பு. பின்னால் உட்கார்ந்து ஒரே பேனாவில் எழுதிய பதிவேடு, முதல் குறுக்கு விசாரணையிலேயே உடைந்துவிடும்.

“அவன் முகக்கவசம் போடவில்லை” என்ற வாதத்தையும் நம்பியிருக்காதீர்கள். வேண்டுமென்றே விதியை மீறினார் என்ற தற்காப்பு, இறப்பிலும் நிரந்தர முழு ஊனத்திலும் முதலாளிக்குக் கிடையாது. கவசம் கொடுத்தால் போதாது. போடாதவரை உள்ளே விடாமல் திருப்பி அனுப்ப வேண்டும், அன்றைய கூலியைப் பிடிக்காமல். கூலி போகும் என்று பயந்தால் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வருவார்கள், அடுத்த வாரம் உங்கள் மோல்டிங் பகுதி முழுவதும் படுத்துவிடும்.