அடிபட்ட செஸ்னாவை வாங்கலாமா?

தம்பி, வேலந்தாவளத்திலிருந்து டெக்சாஸ் வந்து எட்டு மாதம் ஆகிறது, முன்பக்கம் இடித்துச் சரிசெய்த 1975 செஸ்னா 172 குட்டி விமானம் ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். க்ரீன் கார்டு கைக்கு வந்த வருடமே, இதேபோல அடிபட்ட 172 ஒன்றை வாங்கியவன். விமானம் நிறுத்தும் ஹேங்கரின் வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம் அங்கேயே விசாரித்துக்கொள்ளலாம். அடிபட்டது என்றீர்களே, அதைத்தான் பேச வேண்டும்.

என்னிடம் விற்றவர் தமிழர். "புரொப்பெல்லர் மட்டும்தான் மாற்றினோம்" என்றார். நம்ம ஆள் என்று நம்பினேன். அடுத்த ஆண்டுப் பரிசோதனையில் மெக்கானிக் டார்ச் அடித்து, இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் ஃபயர்வால் தகட்டைக் காட்டினார். தகடு நெளிந்திருந்தது, மேலே புதுப் பெயின்ட். முன்சக்கரம் ஓங்கி இடித்தால் 172-ல் அடி வாங்குவது அந்தத் தகடுதான். இன்ஜினை யாரும் பிரிக்கவே இல்லை. ஓடும்போது புரொப்பெல்லர் தரையில் பட்டால் இன்ஜினைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது அதைச் செய்த லைகாமிங் கம்பெனி. அப்படிப் பட்டால் இன்ஜினுக்குள் இருக்கும் கிராங்க்ஷாஃப்ட் பல்சக்கரத்தைச் சோதித்து, அதன் போல்ட்டை மாற்ற 2004-லேயே அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ ஆணை போட்டிருக்கிறது. எனக்கு எட்டு மாதச் சம்பளம் போனது. அந்த விமானத்தில் என் மகளையும் ஏற்றிப் பறந்திருக்கிறேன், தம்பி.

அடிபட்டதாலேயே ஒதுக்க வேண்டாம். ஒழுங்காகச் சரிசெய்திருந்தால் நன்றாகவே பறக்கும். பராமரிப்பு வேலைகளை எழுதி வைக்கும் லாக் புக்கை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். பெரிய ரிப்பேர் என்றால் அதைப் பதிந்த ஃபார்ம் 337 இருக்க வேண்டும். விமானத்தின் பதிவு எண்ணைக் கொடுத்து எஃப்ஏஏவிடமே நகல் வாங்கலாம். விற்பவரின் மெக்கானிக் வேண்டாம், நீங்களே ஒருவரைக் கூட்டிப் போங்கள். நம் ஆட்கள் பலர் விலையில் ஆயிரம் டாலர் குறைக்க மணிக்கணக்கில் பேசுவார்கள், மெக்கானிக்குக் கூலி கொடுக்க மட்டும் மனம் வராது. இன்றைக்கு நான் ஃபார்ம் 337-ஐ வரி விடாமல் படிப்பேன். பரிசோதனைக்கு மெக்கானிக் பக்கத்தில் நின்று டார்ச் பிடிப்பதும் நான்தான்.

அப்புறம், ஹெச்-1பி வேலை விசாவில் வந்திருந்தால் உங்கள் பெயரில் பதிவு செய்யவே முடியாது. க்ரீன் கார்டு வரும்வரை, கிளப் விமானத்தில் பறக்கும் ஃப்ளையிங் கிளப் போதும்.

பொள்ளாச்சிச் சந்தையில் அப்பா துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவதற்கு முன் காளையை நடக்க விடுவார், முழங்காலைத் தடவுவார், நுகத்தடி பட்ட இடத்தை விரலால் அழுத்திப் பார்ப்பார். தரகர் அவசரப்படுத்தினால் பேசாமல் நிற்பார். ஒருமுறை மூன்று வாரம் வெறுங்கையோடு கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி பஸ்ஸில் திரும்பினோம். நாலாவது வாரம்தான் அந்த மயிலைக் காளை வந்தது.