மிளகு மணக்கும் சரிவு: வாசகர் கேள்விகள்

குளிர்ந்த மலைச்சரிவில் சிரா திராட்சை வளர்த்து, பழைய முறையில் ஒயின் செய்கிற வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டேன். பாதிப் பேர் அப்படித்தான் கேட்டிருந்தீர்கள்.

கேள்வி: சிரா வெயில் காய்கிற இடத்துக்கான திராட்சை, குளிரில் பழுக்காது என்று நாற்றுப்பண்ணைக்காரர் பயமுறுத்துகிறார். கன்று வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், இடத்தைப் பார்த்து. சிராவின் பிறந்த வீடே பிரான்ஸில் ரோன் ஆற்றின் வடபகுதிதான். அங்கே கோட் ரோட்டி, எர்மிட்டாஜ், கோர்னாஸ் மூன்றும் சரிவுகள். கோட் ரோட்டியில் சில இடங்களில் சாய்வு 60 சதவீதத்தைத் தாண்டும். நிமிர்ந்து நிற்பதே வேலை. அந்தக் குளிருக்குச் சமவெளியில் நட்டால் பழுக்கத் திணறும் கொடி, தெற்கும் தென்கிழக்கும் பார்த்த சரிவில் பழுத்துவிடுகிறது. சாய்ந்த நிலத்தில் வெயில் நேராக விழும். இரவில் குளிர்காற்று கனத்துக் கீழே வழிந்துவிடும். மழைநீரும் வேரில் நிற்காது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பவர்கள் மட்டும் வடக்குச் சரிவு என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

உயரம் நூறு மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 0.6 டிகிரி குறையும். உச்சியில் காற்று, அடிவாரத்தில் உறைபனி. நடுவயிற்றில் நடுங்கள். இன்னொன்று, சிராவின் இளந்தளிர் நீளமாக ஓடி, காற்றடித்தால் அடியோடு முறியும். மிஸ்ட்ரல் காற்று வீசும் ரோனில் கொடிக்குக் கொடி கழி நட்டுக் கட்டுவது அதற்காகத்தான். படிப்படியாக நிலம் வெட்டிக் காரை பூசாத கற்சுவர் வைத்தால், ஒவ்வொரு குளிர்காலமும் ஏதாவது ஒரு சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். அதை அடுக்கி முடிப்பதற்குள் கொடி கத்தரிக்கும் பருவம் வந்துவிடும். கன்றின் விலையைக் கேட்பதற்கு முன் சுவருக்கான ஆள்கூலியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் செய்த சிராவில் மிளகு வாசனை தூக்குகிறது. என் கணவரோ ஒன்றுமே தெரியவில்லை என்கிறார். வேண்டுமென்றே சொல்கிறாரா?

பதில்: பாவம், அவரை விட்டுவிடுங்கள். அந்த வாசனைக்குக் காரணம் ரொட்டண்டோன் என்ற பொருள். திராட்சைத் தோலில் இருக்கிறது, மிளகிலும் இருக்கிறது, கோரைக்கிழங்கிலும் இருக்கிறது. சிராவின் மிளகு வாசனைக்கு இதுதான் காரணம் என்று ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சிக் கழகத்தினர் 2008இல் வெளியிட்டார்கள். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே சாதாரண மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் அவர்கள் சோதித்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, எவ்வளவு கூட்டினாலும் தெரியவில்லை. உங்கள் வீட்டுக்காரர் அந்த ஐந்தில் ஒருவராக இருக்கலாம்.

குளிர்ந்த ஆண்டிலும் இலை நிழலில் தொங்கும் குலையிலும் இது கூடுதலாகச் சேரும். ஆகவே குலையைச் சுற்றி இலையை மொட்டையாகக் கிள்ளாதீர்கள். காலை வெயில் படும் பக்கத்தில் கொஞ்சம் திறந்துவிட்டால் போதும், பூஞ்சை பிடிக்காத அளவுக்குக் காற்றோட்டம் கிடைக்கும்.

கேள்வி: சிராவும் ஷிராஸும் ஒன்றா? ஈரானிலிருந்து வந்தது என்கிறார்களே?

பதில்: ஒன்றுதான். ஈரான் கதை வெறும் கதை. மொண்டூஸ் பிளாஞ்ச், டுரேசா என்ற இரண்டு திராட்சை வகைகள்தான் தாய் தகப்பன் என்று 1998இல் மரபணுச் சோதனையில் தெரிந்துவிட்டது. இரண்டுமே தென்கிழக்கு பிரான்ஸைச் சேர்ந்தவை.

கேள்வி: பழத்தின் சர்க்கரை அளவு பிரிக்ஸ் 24 வந்தால்தான் அறுவடை என்று படித்தேன். எங்கள் சரிவில் 22லேயே நின்றுவிடுகிறது. காத்திருக்கலாமா?

பதில்: எதற்கு? 22 பிரிக்ஸ் என்றால் ஏறக்குறைய 12.5 சதவீத ஆல்கஹால். மலைச்சரிவு சிராவுக்கு அது குறையே இல்லை. காத்திருந்து கிடைக்கும் 24 பெரும்பாலும் ஏமாற்று. சிராவுக்கு ஒரு குணம் உண்டு: ஒரு கட்டத்துக்குப் பிறகு பழத்துக்குள் நீர் போவது குறைந்து, பழம் லேசாகச் சுருங்கத் தொடங்கும். அப்போது பிரிக்ஸ் ஏறுவது புதிதாகச் சர்க்கரை சேர்வதால் அல்ல, நீர் குறைவதால். எடையும் போகும், புளிப்பும் தளரும்.

கருவியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுப் பழத்தைக் கடியுங்கள். தோலைத் தனியாக மென்று பாருங்கள், விரல் நுனியில் ஊதா ஒட்ட வேண்டும். விதையைக் கடித்தால் ‘மொறுக்’ என்று உடைய வேண்டும், பச்சையாகக் கசக்கக் கூடாது. கடைசியாகக் குலைக் காம்பை வளைத்துப் பாருங்கள். அதைப் பற்றி அடுத்த பதிலில்.

கேள்வி: பழைய ஆட்கள் காம்போடு முழுக் குலையையும் தொட்டியில் போடுவார்களாம். நானும் போடலாமா? எவ்வளவு?

பதில்: இந்த மாதம் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன்.

காம்பு நீக்கும் இயந்திரம் வருவதற்கு முன் எல்லோரும் முழுக் குலையைத்தான் போட்டார்கள். அதில் தத்துவம் எதுவும் இல்லை, வேறு வழி இல்லை. இப்போது தெரிந்தே போடுகிறோம். நசுங்காத பழத்துக்குள் ஈஸ்ட் இல்லாமலே பழத்தின் சொந்த நொதிகள் வேலை செய்து ஓரிரண்டு சதவீத ஆல்கஹால் உண்டாக்கும். அதிலிருந்து பூவாசனையும் செம்பழ வாசனையும் வரும். தோல்களுக்கு நடுவே காம்பு கிடப்பதால் சாறு சுலபமாக வழிந்தோடும், சூடு ஒரே இடத்தில் கட்டாது. பழங்கள் உடைய உடையச் சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருவதால் நொதித்தல் நிதானமாக நடக்கும்.

செலவும் உண்டு. காம்பு நிறத்தை உறிஞ்சும். அதிலுள்ள பொட்டாசியம் பிஎச்சை ஏற்றும், அதாவது புளிப்பைத் தளர்த்தும். 3.6இல் இருந்தது 3.8க்குப் போவது சாதாரணம். காம்பு பச்சையாக இருந்தால் ஒயினில் பச்சைத் தண்டு வாசனையும் நாக்கை இழுக்கும் கசப்பும் வரும், எத்தனை வருடம் வைத்தாலும் போகாது.

ஆகவே வளைத்துப் பாருங்கள் என்றேன். குலையின் நடுக்காம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து மடக்குங்கள். இழுபட்டு நார் நாராக வளைந்தால் பச்சை. டக்கென்று முறிந்து, உள்ளே வெளிர்பழுப்பு தெரிந்தால் போடலாம். முறிந்த துண்டை மெல்லுங்கள். தேயிலைத் துவர்ப்பு இருந்தால் சரி, பச்சைப் பட்டாணித் தோல் மாதிரி இருந்தால் வேண்டாம். குளிர்ந்த சரிவில் மேல் படியின் காம்பும் கீழ்ப் படியின் காம்பும் ஒரே நாளில் ஒன்றுபோல் இருக்காது. நான் படிக்குப் படி தனிக் கூடை வைத்து, முற்றிய காம்புள்ள குலைகளை மட்டும் தொட்டியின் அடியில் பரப்பிவிட்டு, காம்பு நீக்கியதை அதன்மேல் கொட்டுகிறேன். முதல்முறை செய்பவர் கால் பங்குக்கு மேல் போக வேண்டாம். “நூறு சதவீதம் முழுக் குலை” என்று லேபிளில் எழுதும் ஆசைக்காகப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்.

கேள்வி: காலால் மிதிப்பது சுத்தமா?

பதில்: கால் சுத்தமாக இருந்தால் சுத்தம். சாற்றின் புளிப்பிலும் ஆல்கஹாலிலும் நோய்க்கிருமிகள் பிழைப்பது கடினம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: மிதிப்பவர் உயிரோடு வெளியே வருவாரா? ஒரு லிட்டர் சாறு நொதித்து முடிவதற்குள் 50 லிட்டருக்கும் மேல் கார்பன் டை ஆக்சைடு விடும். அது காற்றைவிடக் கனம், தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொன்னவர் இந்தத் தொட்டியைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். நொதித்தல் தொடங்குவதற்கு முன் மிதிப்பதோடு காலை எடுத்துவிடுங்கள். பிறகு மேலே மிதக்கும் தோலை வெளியே நின்று கட்டையால் அமுக்குங்கள். கதவு ஜன்னல் திறந்திருக்கட்டும், தனியாக வேலை செய்யாதீர்கள். மெழுகுவர்த்தி எரிந்தால் பத்திரம் என்று பழையவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். சுடர் அணைவதற்கு முன்பே மனிதன் மயங்கிவிடலாம்.

கேள்வி: பாக்கெட் ஈஸ்ட் போடவில்லை. மூன்று நாளாகத் தொட்டி அசையவே இல்லை. கெட்டுவிட்டதா?

பதில்: மூன்று நாள் ஒன்றும் இல்லை. குளிர்ந்த பழம் குளிர்ந்த அறைக்கு வந்தால் ஐந்து ஆறு நாள்கூட ஆகும். மேல் தோல் காயாமல் தினமும் ஒருமுறை நனைத்துவிடுங்கள். நகப்பூச்சு வாசனை வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், பாக்கெட்டைப் பிரியுங்கள். கௌரவம் பார்க்க வேண்டாம்.

அடுத்த ஆண்டு இப்படிச் செய்யுங்கள். அறுவடைக்கு நாலைந்து நாள் முன்னால் நல்ல குலைகளாகப் பறித்து, இரண்டு மூன்று வாளிகளில் தனித்தனியாக நசுக்கி, வெதுவெதுப்பான மூலையில் மூடி வையுங்கள். நன்றாக நுரைத்து, நல்ல வாசனை வருகிற வாளியைத் தொட்டியில் ஊற்றுங்கள். மற்றதைக் கொட்டிவிடுங்கள். பழைய முறை என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதில் காவல் வேலை கூடுதல். காலையும் மாலையும் வெப்பமும் அடர்த்தியும் பார்த்துச் சுவரில் சாக்பீஸால் எழுதுங்கள். சூடு 32 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள்.

கேள்வி: பாதி நொதித்த நிலையில் அழுகிய முட்டை நாற்றம். என்ன செய்ய?

பதில்: சிராவின் பரம்பரை வியாதி. ஈஸ்டுக்கு நைட்ரஜன் பற்றவில்லை, காற்றும் பற்றவில்லை. சாறு முழுவதையும் அடிக் குழாய் வழியாக அகன்ற பாத்திரத்தில் தெறிக்கத் தெறிக்க வடித்து, மறுபடி மேலே ஊற்றுங்கள். பாதி நொதிப்பில் காற்றுக்குப் பயப்படத் தேவையில்லை. அறுவடைக்கு முன் சாற்றை ஆய்வகத்தில் கொடுத்து, ஈஸ்ட் உண்ணக்கூடிய நைட்ரஜன் லிட்டருக்கு 140 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஈஸ்ட் உணவு சேர்ப்பது நல்லது. பீப்பாய்க்குப் போன பிறகும் நாற்றம் இருந்தால், ஒரு கோப்பை ஒயினில் சுத்தமான செம்புத் துண்டைப் போட்டுக் கலக்கி முகருங்கள். போய்விட்டால், மண்டியை விட்டுத் தெளிவை இறுத்து வேறு பீப்பாய்க்கு மாற்றினாலே பெரும்பாலும் சரியாகும். காப்பர் சல்பேட்டைக் கண்ணளவில் போடுவது மட்டும் கூடாது, அது விஷம்.

கேள்வி: கொஞ்சம் வியோன்யே வெள்ளைத் திராட்சையும் சேர்க்கலாம் என்கிறார்கள். நிறம் வெளுக்காதா?

பதில்: சேர்ந்தே நொதித்தால் நிறம் வெளுக்காது, பல சமயம் கூடும். வெள்ளைத் தோலிலிருந்து வரும் பொருள்கள் சிவப்பு நிறமியோடு இணைந்து அதைத் தாங்கிப் பிடிக்கும். கோட் ரோட்டியில் 20 சதவீதம் வரை சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் ஐந்துக்கு மேல் போகிறவர்கள் குறைவு. அதற்குமேல் போனால் ஆப்ரிகாட் வாசனை மிளகை மூடிவிடும்.

கேள்வி: புதிய ஓக் பீப்பாய் வாங்கக் காசு சேர்த்திருக்கிறேன்.

பதில்: அந்தக் காசில் ஒரு சுவரைக் கட்டுங்கள். மெல்லிய சரிவு சிராவின்மேல் புதிய ஓக்கின் வெனிலாவும் புகையும் ஏறி உட்கார்ந்துவிடும். பழைய 600 லிட்டர் பீப்பாய் கிடைத்தால் அதுவே சிறப்பு. ஒயினுக்கு மரம் படும் பரப்பு குறைவு. வாங்கும்போது மூடியைத் திறந்து மூக்கை வைத்து முகருங்கள். குதிரை லாயம், மருந்துப் பட்டை வாசனை வந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம், ஒயினைக் கெடுக்கும் பிரெட்டனோமைசஸ் ஈஸ்ட் குடியிருக்கிறது.

கேள்வி: ஒயின் கெடாமல் காக்கப் போடும் கந்தகம் இல்லாமலே செய்ய ஆசை. முடியுமா?

பதில்: முடியும், பிஎச் 3.5க்குள் இருந்து, அறை குளிர்ந்து, உங்கள் துடைப்பமும் சுறுசுறுப்பாக இருந்தால். முழுக் குலை போட்டு 3.8க்கு ஏற்றிவிட்டு இந்த ஆசை வேண்டாம். அந்த நிலையில் அதே பாதுகாப்புக்கு 3.5இல் தேவைப்படுவதைப் போல இரண்டு மடங்கு கந்தகம் வேண்டும். ஆனால் ஒயினின் மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும் பாக்டீரியா வேலையை முடிக்கும்வரை கந்தகத்தைத் தொடாதீர்கள், அது செத்துவிடும். மலையில் குளிர்காலத்தில் அது தூங்கும், அறை 18 டிகிரிக்கு வந்தால் விழிக்கும். வசந்தத்தில் பீப்பாய் மூடியில் காதை வைத்தால் சன்னமாகப் பொரிகிற சத்தம் கேட்கும். பதற வேண்டாம்.

கேள்வி: புட்டியில் அடைப்பதற்கு முன் வடிகட்ட வேண்டுமா?

பதில்: சர்க்கரையும் மாலிக் அமிலமும் மிச்சமில்லை என்று சோதனையில் தெரிந்தால் வேண்டாம். பீப்பாயில் ஒன்றரை வருடம் கிடந்த சிரா தானே தெளிந்திருக்கும். துவர்ப்பு முரடாக இருந்தால் 225 லிட்டருக்கு நாலைந்து முட்டையின் வெள்ளைக்கருவை உப்புநீரில் கலக்கி விட்டு, சில வாரம் கழித்துத் தெளிவை மட்டும் எடுங்கள். விற்பதாக இருந்தால், முட்டை சேர்த்ததை லேபிளில் குறிப்பிட வேண்டுமா என்று உங்கள் நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், புட்டியின் அடியில் மண்டி படியும் என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் அந்தக் கேள்வியும் எனக்குத்தான் வரும்.