வயதான பிறகு புது மொழி கற்று அதில் பெரிய வேலை செய்தவர்கள் உண்டா?

எனக்கு உடனே நினைவுக்கு வருபவர், வயதான பிறகு பாரசீகமும் துருக்கியும் கற்று முகலாயர் நூல்களை ஆங்கிலத்தில் தந்த அனெட் பெவரிட்ஜ். பணி ஓய்வுக்குப் பின் நான் உருது எழுத்துப் பழக உட்கார்ந்தபோது தெம்பு தந்தது அவர் கதைதான். ஒரு புள்ளி இடம் மாறினால் எழுத்தே மாறிவிடும். உயிர்க்குறிகளைப் பெரும்பாலும் போடவே மாட்டார்கள். அச்சுப் புத்தகத்திலேயே எனக்கு ஒரு வரிக்கு அரை மணி நேரம் ஆகிறது. அவர் படித்தவையோ இதே அரபு வகை எழுத்தில் உள்ள கையெழுத்துச் சுவடிகள்.

1842இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1872இல் கல்கத்தா வந்து, மறு வருடமே பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார். அப்புறம் ஐ.சி.எஸ். அதிகாரி ஹென்றி பெவரிட்ஜுடன் திருமணம். இந்திய நீதிபதிகள் ஐரோப்பியரை விசாரிக்க வழிசெய்த இல்பர்ட் மசோதாவை 1883இல் அனெட் எதிர்த்து எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

பாபரின் மகள் குல்பதன் பேகம் தன் அண்ணன் ஹுமாயூன் பற்றிப் பாரசீகத்தில் எழுதிய ஹுமாயூன்நாமாவை அனெட் ஆங்கிலத்தில் வெளியிட்டது 1902இல், 59 வயதில். அப்பா இறந்தபோது குல்பதனுக்கு எட்டு வயதுதான். லண்டனில் இருக்கும் அந்தச் சுவடி, ஹுமாயூனின் தம்பி கம்ரானின் கண்களைக் குருடாக்கும் இடத்தில் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறது. அனெட்டும் அங்கேயே நிறுத்தினார். ஒரு சொல் கூட்டவில்லை.

அடுத்தது பாபரின் தன்வரலாறான பாபர்நாமா. அதை அவர் எழுதியது சகதாய் துருக்கியில், அதாவது மத்திய ஆசியாவின் பழைய துருக்கி மொழியில். அதற்கு முன் வந்த ஆங்கிலப் பதிப்பு பெரும்பாலும் அக்பர் காலத்துப் பாரசீக மொழிபெயர்ப்பை நம்பியது. அனெட் மூலத்துக்கே போனார். ஹைதராபாத் சாலார் ஜங் நூலகத்துத் துருக்கிச் சுவடியை 1905இல் அப்படியே நகலச்சாக வெளியிட்டு, பெயர், ஊர்ப் பட்டியலும் சேர்த்தார். மொழிபெயர்ப்பு பகுதி பகுதியாக வந்து 1922இல் முழுமையானபோது அவருக்கு 79 வயது. அதே வீட்டில் கணவர் அக்பர்நாமாவைப் பாரசீகத்திலிருந்து பெயர்த்துக்கொண்டிருந்தார். தாத்தா பாபர் இவர் மேசையில், பேரன் அக்பர் அவர் மேசையில்!

படிப்பதென்றால் ஹுமாயூன்நாமாவில் தொடங்குங்கள், சின்னப் புத்தகம். பாபர்நாமாவில் அடிக்குறிப்புகள் பக்கத்தையே விழுங்கும், ஆங்கிலமும் கொஞ்சம் முரடு. முதலில் அவற்றைத் தாண்டி, காபூலில் இருக்கும் நண்பருக்குப் பாபர் எழுதிய கடிதத்துக்குப் போங்கள். இந்தியாவில் ஒரு முலாம்பழத்தை வெட்டித் தின்னும்போது ஊர் நினைப்பில் அழுதுவிட்டதாக எழுதுகிறார்.